அனுப்புநர் இல்லாத கடிதங்கள்

ஜூன் 2, திங்கள்

இருபத்திரண்டு வருட சர்வீஸில் இது ஐந்தாவது மாற்றல். ஊர் மாறவில்லை, கட்டடம்கூட மாறவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு இறக்கியிருக்கிறார்கள். கொடுத்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது. சொன்னால், "இது தற்காலிகப் பிரிவு சார், ஒரு மாசம்தான்" என்கிறார்கள். பிரிவு தற்காலிகம், சரி. என் முதுகு நிரந்தரம் அல்லவா?

வேலை இதுதான். மாநில அரசு ஒரு சட்ட முன்வடிவு தயாரித்து வெளியிட்டிருக்கிறது. ஒருவருடைய பாலின அடையாளத்தைக் காரணம் காட்டியோ, அவருக்கு யார்மேல் பிரியம் வருகிறது என்பதைக் காரணம் காட்டியோ, வேலை, பள்ளி, மருத்துவமனை, வாடகை வீடு எதிலும் அவரை ஒதுக்கக் கூடாது என்கிறது அது. பொதுமக்கள் ஒரு மாதம் கருத்துச் சொல்லலாம். கடைசி நாள் ஜூலை 2, மாலை 5.45. மின்னஞ்சலைக் கணினிப் பிரிவு பார்த்துக்கொள்ளும். தபாலில் வருவது எங்கள் தலையில். பிரித்து, முத்திரை குத்தி, எண் போட்டு, ஆதரவா எதிர்ப்பா என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றுகிறவன் நான்.

பிரிவு அலுவலர் சந்தானலட்சுமி மேடம். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிறது. விதி எண்ணைச் சொல்லாமல் இவர் தும்மிக்கூட யாரும் பார்த்ததில்லையாம். தபாலைக் கொண்டுவந்து போடுவது அலுவலக உதவியாளர் பேச்சியம்மா. எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். பத்தாவது நிமிடத்திலேயே நான் அண்ணாச்சி ஆகிவிட்டேன்.

இந்த டைரி என் ரூம்மேட் அருளப்பன் கொடுத்தது. அவர் தனியார் பள்ளியில் தமிழாசிரியர். "தினம் எழுதுங்க பாலு, கையெழுத்தாவது திருந்தும்" என்றார். ஜூன் மாதத்தில் டைரி கொடுக்கிற ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும்.

சட்டம் வந்தால் யாருக்கு என்னவோ. எனக்கு நம்பர் போடுகிற வேலை.

ஜூன் 3, செவ்வாய்

ஹவுஸ் ஓனர் வேதாசலம் காலையிலேயே மாடி ஏறி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நலச் சங்கத்துல தீர்மானம் போட்டுட்டாங்க. இனிமே இந்தத் தெருவுல ஃபேமிலிக்கு மட்டும்தான் வீடு. ஆகஸ்ட் கடைசி வரைக்கும் டைம் எடுத்துக்கங்க."

பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். மோட்டார் எந்த வேளையில் இருமும், எந்த வேளையில் படுத்துவிடும் என்று ஓனரைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும். வேளச்சேரி முழுக்கத் தண்ணீர் நின்ற வருடத்தில் அவருடைய அம்மாவை நாற்காலியோடு எங்கள் மாடிக்குத் தூக்கி வந்தது நானும் ரூம்மேட்டும்தான். அதைச் சொல்லிக்காட்டவில்லை. வாய் வரை வந்தது.

வசதியான வீடு. இரண்டு படுக்கையறை. ஒன்றில் கட்டில் நிறைய ரூம்மேட்டின் புத்தகங்களும் திருத்த வேண்டிய நோட்டுகளும் கிடக்கும். யாராவது ஊரிலிருந்து வந்தால் மட்டும் எல்லாவற்றையும் இறக்கிவைத்து, அந்தக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு, அவருடைய தலையணையை அங்கே கொண்டுபோய் வைப்போம். வீடு பார்க்க நன்றாக இருக்க வேண்டுமில்லையா?

ஜூன் 6, வெள்ளி

நான்கு நாளில் நூற்றுப் பதினெட்டுக் கடிதம். எழுத்து தெரிந்த ஒருத்தரும் சும்மா இருப்பதில்லை போலிருக்கிறது. ஒருவர் எட்டுப் பக்கம் எதிர்த்து எழுதிவிட்டு, கடைசியில் தங்கள் ஊருக்கு 5 மணி பஸ்ஸை மறுபடி விடச் சொல்கிறார். பொள்ளாச்சியிலிருந்து ஒரு அம்மா முழு ஆதரவு. மகள் கல்யாணப் பத்திரிகையையும் வைத்து அனுப்பி, அமைச்சர் குடும்பத்தோடு வர வேண்டுமாம்.

சேலத்திலிருந்து கணவன் ஒரு கடிதம், மனைவி ஒரு கடிதம், இரண்டும் ஒரே உறையில். தனித்தனியாக எண் போட்டுவிட்டேன். மேடம் கூப்பிட்டார்.

"பால்வண்ணன், குறிப்புக் கலத்துல எழுதலையே?"

"என்ன மேடம் எழுதணும்?"

"ஒரே குடும்பம், ரெண்டு மனுன்னு எழுதணும். நாளைக்கு யாராவது கேட்டா நாமதான் பதில் சொல்லணும்."

எழுதினேன். அப்புறம் ஒரு சுகாதார ஆய்வாளரின் கடிதம். அதை அவருக்கே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார். அரசு ஊழியர் கருத்துச் சொன்னால் உரிய வழியாக, அதாவது மேலதிகாரி கையெழுத்தோடுதான் வர வேண்டுமாம். அந்த ஆய்வாளர் இனி தன் மேலதிகாரியிடம் போய் நின்று, இதைப் பற்றி, தன் வாயால் பேச வேண்டும். பாவம் மனுஷன்.

ஜூன் 9, திங்கள்

நாற்காலிக்குக் கீழே அட்டை மடித்து வைத்தேன். இப்போதும் ஆடுகிறது, ஆனால் கொஞ்சம் மரியாதையாக.

ஜூன் 11, புதன்

"என்ன அண்ணாச்சி, இன்னிக்கு மொட்டைதான் நெறைய. திருச்செந்தூர்ல எறங்குன மாதிரில்லா இருக்கு!" என்று பேச்சியம்மா தபால் கட்டைத் தொப்பென்று போட்டாள்.

மொட்டைக் கடிதம் என்றால் பெயரும் முகவரியும் இல்லாதது. எந்த அலுவலகத்திலும் அதற்கு மதிப்புக் கிடையாது. எண் கிடையாது, பதிவேட்டில் இடம் கிடையாது. வந்த தேதிக்கு முத்திரை குத்தி, தனியாக ஒரு கட்டாகக் கோத்துவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

விஷயம் என்னவென்றால், எதிர்ப்பவர்கள் எல்லாரும் பெயர், தெரு, செல் நம்பர், சிலர் போட்டோ உட்பட எழுதுகிறார்கள். ஆதரவாக வருவதில்தான் முக்கால்வாசி மொட்டை. "என் பெயரை எழுத முடியாது, எழுதினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும்" என்று ஒன்று. "நான் போலீஸ் வேலையில் இருக்கிறேன், இதற்குமேல் கேட்காதீர்கள்" என்று ஒன்று. கள்ளக்குறிச்சி முத்திரையோடு ஒரு உள்நாட்டுக் கடிதத்தில் ஒரே ஒரு வரி: "எங்களுக்கு யாரும் வீடு தருவதில்லை."

கோப்பதற்குப் படிக்க வேண்டிய அவசியமில்லை. படித்துவிட்டுத்தான் கோத்தேன்.

மேடம் மெதுவாகச் சொன்னார்: "ஒன்பதாம் பிரிவை எடுத்துடலாம்னு மேல பேச்சு இருக்கு. ஆதரவு வரலைன்னு காரணம் சொல்லுவாங்க."

ஒன்பதாம் பிரிவு வாடகை வீடு பற்றியது. இந்தக் காரணங்களுக்காக ஒருவரைக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்பது. பெயரோடு வந்த ஆதரவு இன்று வரை இருபத்திரண்டு. எதிர்ப்பு நூற்று நாற்பது. மொட்டை நூற்றுத் தொண்ணூறு.

"இவ்வளவு பேரு எழுதியிருக்காங்களே மேடம்" என்று கட்டைக் காட்டினேன்.

"பேரு இல்லாதது மனு இல்ல பால்வண்ணன்."

ஜூன் 12, வியாழன்

ரூம்மேட்டிடம் சாப்பிடும்போது மொட்டைக் கட்டைப் பற்றிச் சொன்னேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நிமிர்ந்தார்.

"அனுப்புநர் போடாம ஒரு கடிதமா? என் ஏழாங் கிளாஸ் பசங்ககூட அந்தத் தப்பைச் செய்ய மாட்டாங்க. ரெண்டு மார்க் போயிடும்."

"அவங்க பரீட்சையா எழுதுறாங்க, வாத்தியாரே?"

"பரீட்சைதான்" என்றார். ரசம் அருமையாக இருந்தது, மிளகு தூக்கல்.

ஜூன் 14, சனி

பள்ளிக்கரணையில் ஒரு வீடு பார்த்தோம். நல்ல காற்று. புரோக்கர் கேட்டான், "ரெண்டு பேரும் என்ன சார் உறவு?"

"தூரத்துச் சொந்தம்" என்றேன். நல்ல பதில்தானே? யோசிக்காமல் வந்தது.

வீடு அமையவில்லை. ஃபேமிலிக்குத்தான் தருவார்களாம். திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் ரூம்மேட் வழக்கமாக வாங்கும் வேர்க்கடலையை வாங்கவில்லை. பஸ் வந்தபோது மட்டும் கேட்டார்: "எவ்வளவு தூரம் பாலு?"

பஸ் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கேட்கிறார் என நினைத்ததாகக் காட்டிக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நடந்ததை யாரிடம் சொல்ல! நேரில் மனுக் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று பேச்சியம்மா ஒரு கும்பலை உள்ளே விட்டாள். முன்னால் வெள்ளைச் சட்டையில் எங்கள் ஹவுஸ் ஓனர் வேதாசலம். பாரிஜாத நகர் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர். கையில் ஒன்பதாம் பிரிவை எதிர்த்து அறுபத்து நான்கு கையெழுத்து.

"அட, நம்ம பால்வண்ணன் சார்! நீங்க இந்த செக்‌ஷனா? சொல்லவே இல்ல!"

"நீங்களும் சொல்லலையே சார்."

அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குனிந்து காதோடு சொன்னார்: "உங்கள மாதிரி தங்கமான ஆளுங்களுக்காக இல்ல சார் இது. இது வேற மாதிரி ஆளுங்களுக்கு."

"எந்த மாதிரி சார்?"

"அதான்... உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, முத்திரை குத்தி ஒப்புகை கொடுத்தேன். எண் 287. நன்றி சொன்னார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "மோட்டாருக்கு ஆள் வரச் சொல்லியிருக்கேன்" என்றார். நல்ல மனுஷன்தான். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

பதிவுத் தபால் வந்தால் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்குவது என் வேலை. இன்று நான்கு. மூன்றாவது உறையை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன். கரும்பலகைக் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தும் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் போல. இடது மூலையில் அடிக்கோடு போட்டு, "அனுப்புநர்".

செ. அருளப்பன், தமிழாசிரியர். கீழே கதவு எண், தெரு, பாரிஜாத நகர், பின்கோடு எல்லாம். பள்ளிக்கூடத்தின் பெயரைக்கூட விடவில்லை.

உள்ளே இருந்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. இரண்டு பக்கம். என் பெயர் மூன்று இடத்தில் வருகிறது. எட்டுப் பேர் இருக்கிற இந்தப் பிரிவில் என் பெயர் எல்லாருக்கும் தெரியும். என் முகவரியும் தெரியும். பல வருடமாக இதே கட்டடத்தில் இருந்து, பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிறவர்கள்.

முத்திரை மட்டும் குத்தினேன். எண் போடவில்லை. சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்தேன்.

இது வெளியே தெரிந்தால் அவர் வேலை போய்விடும். தனியார் பள்ளி, நிர்வாகம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? அவருக்காகத்தான் யோசிக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

இந்தப் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டு சொருகியிருக்கிறது. அகலம் மூன்று விரல். கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டது. மீதிக் கடிதம் அலுவலகத்தில் மொட்டைக் கட்டோடு கோக்கப்பட்டுப் பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

மோட்டார் சரியாகிவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

"ஒரு விஷயம்" என்றார் ரூம்மேட், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே. "நான் ஒரு கடிதம் போட்டேன், உங்க ஆபீஸுக்கு."

"அப்படியா?"

"வந்துச்சா?"

"தபால் எல்லாம் இப்ப ரொம்ப லேட்டாகுது."

தலையாட்டினார். என் சட்டைக்கும் சேர்த்துத்தான் போட்டுக்கொண்டிருந்தார். காலரை இரண்டு தடவை தேய்த்தார்.

ஜூன் 27, வெள்ளி

நான் ஒரு மடையன். இருபத்திரண்டு வருடம் தபாலோடு குடித்தனம் நடத்தியும் மறந்துபோனேன். பதிவுத் தபாலோடு அவர் ஒப்புகை அட்டையும் இணைத்திருக்கிறார். வாங்கினவர் கையெழுத்துப் போட்டால் அட்டை அனுப்பினவருக்கே திரும்பிப் போகும். அனுப்புநர், பெறுநர், ஒப்புகை என்று எல்லாவற்றையும் முறையாகச் செய்கிற ஆளோடு வாழ்ந்துகொண்டு இதைக்கூட யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மேசையில் காபி டம்ளர். டம்ளருக்கு அடியில் அட்டை. அட்டையில் "பெறப்பட்டது, 20 ஜூன்". அதன்கீழ் என் கையெழுத்து, வால் நீட்டிய "ன்" உட்பட.

"உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"பதிவு எண் என்ன பாலு?"

உள்ளே போய் டைரியை எடுத்துவந்து, துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். தன் பெயரை, தன் தெருவை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. போடவில்லை.

"என் வேலைக்காகன்னு சொல்லப் போறீங்க."

"ஆமா. உங்க நிர்வாகம் தெரிஞ்சா..."

"எனக்கு அது தெரியாம ரிஜிஸ்தர் பண்ணேனா? ரெண்டு வாரம் யோசிச்சுத்தான் அனுப்பினேன். பன்னெண்டு வருஷமா என்னை எந்த இடத்துலயும் அனுப்புநராப் போடாமத்தான வெச்சிருக்கீங்க. கல்யாணத்துக்குப் போனா ஃப்ரெண்டு. ஆஸ்பத்திரில பக்கத்து வீட்டுக்காரர். வீடு பாக்கப் போனா தூரத்துச் சொந்தம். நானே ஒரு இடத்துல பேரு எழுதுனா, அதையும் வெட்டிட்டீங்க."

காபி எனக்காக வைத்ததுதான். ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

வீட்டில் சண்டை இல்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இட்லி இருக்கிறது, சட்னி இருக்கிறது, "இன்னொண்ணு வைக்கட்டா?" என்பது மட்டும் இல்லை. நான் இட்லிப்பொடி டப்பாவைத் தேடினேன். அது என் கைக்கு எதிரிலேயே இருந்தது. இதுவரை அதை நானாக எடுத்ததே இல்லை என்று இன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் அந்த இரண்டாவது அறையில் கட்டிலில் கிடந்த நோட்டுகளை அவர் இறக்கிக்கொண்டிருந்தார்.

"யாராவது வராங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார்.

இதற்குமேல் எழுத முடியவில்லை.

ஜூன் 30, திங்கள்

அவருக்காகச் செய்தேன் என்று இருபதாம் தேதியில் எழுதியிருக்கிறேன். பொய். எனக்காகத்தான் செய்தேன். எட்டுப் பேர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்ற பயம். நாற்பத்தேழு வயதில் எனக்கு எட்டுப் பேர்மேல் பயம்.

நேற்று அவர் அந்த அறையில்தான் படுத்தார். இந்த டைரியில் அவரை ரூம்மேட் என்று எழுதி எழுதி, கடைசியில் அப்படியே ஆக்கிவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். ஆயிரம் அலுவலகக் கடிதம் எழுதினவனுக்குச் சொந்தக் கடிதம் ஒரு வரி ஓடவில்லை. ஏழு தாள் கிழித்தேன். எட்டாவதில் முதல் வார்த்தையாக "அனுப்புநர்" என்று எழுதினேன். அதற்கப்புறம் பரவாயில்லை, வந்தது.

ஜூலை 2, புதன்

எல்லாவற்றையும் விடாமல் எழுதிவைக்கிறேன்.

கடைசி நாள் என்பதால் காலையிலிருந்தே கூட்டம். நாலரை மணிக்குக் கணக்கு இப்படி: எதிர்ப்பு 338, ஆதரவு 71, மொட்டை 412. கூட்டம் குறைந்திருந்தது. மொட்டைக் கட்டிலிருந்து அந்தக் கடிதத்தை உருவினேன். வெட்டிய துண்டைக் கோந்து போட்டு ஒட்டினேன். என் கடிதத்தையும் சேர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு மேடம் மேசைக்குப் போனேன். பத்தடிதான் இருக்கும். ஏறுவதற்குக் கழுகுமலை மாதிரி இருந்தது.

"மேடம், ரெண்டு மனு. ஒண்ணு உரிய வழியாக."

"யாரோடது?"

"என்னோடது மேடம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் என்னுடையதைப் படித்தார். ஒரு பக்கம்தான். அருளப்பன் என் குடும்பம் என்றும், அவர் மனுவின் தலைப்பை வெட்டியது நான்தான் என்றும், ஒன்பதாம் பிரிவை எடுத்துவிட்டால் எங்களுக்கு ஆகஸ்டுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ள ஒரு சட்டம்கூட இருக்காது என்றும் எழுதியிருந்தேன். அப்புறம் அவருடையதை எடுத்தார். அதில் ஒரு பத்தி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

"திரு. பால்வண்ணன் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது நான் ஒன்பது நாள் விடுப்பு எடுத்தேன். விடுப்பு விண்ணப்பத்தில் 'உறவினர் உடல்நலக் குறைவு' என எழுதினேன். தமிழாசிரியனாக இருந்தும், அந்த இடத்தில் எழுத வேண்டிய சொல்லை எழுத எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த முறை சரியாக எழுத விரும்புகிறேன்."

மேடம் அதை இரண்டாம் தடவையும் படித்தார். எட்டுப் பேரும் வேலை செய்வது போலக் குனிந்திருந்தார்கள். பேச்சியம்மா மட்டும் நேராக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பதிவுத் தபால் பட்டியல்ல முப்பத்தொண்ணு இருக்கு. பதிவேட்டுல முப்பதுதான் ஏறியிருக்கு" என்றார் மேடம். "பத்து நாளா எனக்குத் தெரியும்."

"கேக்கலையே மேடம்."

"கடைசி நாள் வரைக்கும் டைம் இருக்குல்ல? அரசுக்கு வந்த மனுவை வெட்டுனது பெரிய தப்பு. தெரியும்ல?"

"தெரியும் மேடம். மெமோ குடுங்க, வாங்கிக்கறேன்."

"அது தனி. நாளைக்குக் குடுக்கறேன், விளக்கம் எழுதுங்க." பேனாவை என் பக்கம் நீட்டினார். "முதல்ல இது. ஒட்டுன இடத்துல சுருக்கொப்பம் போடுங்க. திருத்தம் இருந்தா ஒப்பம் இல்லாம செல்லாது. பாதி துண்டுல விழணும், பாதி தாள்ல விழணும்."

போட்டேன். "பா" அவர் பெயர் இருக்கிற துண்டில் விழுந்தது. மீதி கடிதத்தில். கொஞ்சம் கோணல்தான்.

பதிவேட்டை என் பக்கம் இழுக்கப் போனேன். மேடம் விடவில்லை. "உங்க மனுவை நீங்களே பதியக் கூடாது. விதி" என்று தானே எண் போட்டார். 410, 411. என் கடிதத்தின் ஓரத்தில், "பரிந்துரையுடன் மேலனுப்பப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதி போட்டார். அந்தச் சுகாதார ஆய்வாளருக்கு யாராவது இப்படி எழுதிக் கொடுத்தார்களா, தெரியவில்லை.

அப்புறம் குறிப்புக் கலத்துக்கு வந்தார். ஒரே முகவரி என்பதால் நின்று நிதானித்து, நீல மையில், முத்து முத்தாக எழுதினார்: "ஒரே குடும்பம். 2 மனுக்கள்."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அலுவலகத்தில், எட்டுப் பேர் முன்னால், கைக்குட்டைகூட இல்லாமல். பேச்சியம்மா, "அண்ணாச்சி, பதிவேட்டுல சொட்டிராம. மை பரவிரும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஆடுகிற நாற்காலிதான். உட்கார்ந்தேன்.

5.45-க்குப் பதிவேட்டை மூடும்போது மேடம் மொட்டைக் கட்டை எடுத்துப் பெட்டியில், மனுக்களோடேயே வைத்தார். "கணக்குல வராது. ஆனா மேல இருக்கறவங்க படிக்கக் கூடாதுன்னு விதி இல்ல. நான் எல்லாத்தையும் படிச்சேன்" என்றார்.

வீட்டுக்குப் போய், "410" என்றேன். அருளப்பன் புரியாமல் பார்த்தார். "உங்க பதிவு எண். 411 நான்."

என் கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாடு வரை வெளியே வரவில்லை. சாப்பிடும்போது இட்லிப்பொடி டப்பா என் பக்கம் நகர்ந்து வந்தது.

ஜூலை 3, வியாழன்

மெமோ வந்துவிட்டது. ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். மேடம் சொன்னால் சொன்னதுதான்.

சாயங்காலம் நகல் திரும்பி வந்தது, சிவப்பு மையோடு. இரண்டு ஒற்றுப்பிழை சுழித்திருந்தார். "அனுப்புநர்" என்ற இடத்தில் பெரிதாக ஒரு டிக், இரண்டுக்கு இரண்டு. மொத்தம் பத்துக்கு ஒன்பது.

"ஒண்ணு எங்க போச்சு வாத்தியாரே?"

"கடைசில இடம், நாள் போடல. எங்க இருக்கீங்கன்னு சொல்ல வேண்டாமா?"

அப்போது பார்த்துப் புரோக்கர் போன் செய்தான். மேடவாக்கத்தில் ஒரு வீடு காலியாம். "ஓனர் கேக்குறாரு சார், பேச்சிலரா, ஃபேமிலியா?"

அருளப்பன் சிவப்புப் பேனாவைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபேமிலி" என்றேன்.

"எத்தனை பேர் சார்?"

"ரெண்டு பேர். நானும் அருளப்பனும்."

"ஓனர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டான். கேட்கட்டும். கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். ஒன்பதாம் பிரிவும் அப்படித்தான்.

இதை எழுத உட்கார்ந்தபோது நகலை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதை அடித்துப் பத்தாக்கியிருக்கிறார். திருத்தத்தின்மேல் சுருக்கொப்பமும் போட்டிருக்கிறார்.